அளந்து போடு

கப்பலின் அடிவயிற்றில் இறங்கியதும்
முதலில் மூக்குக்கண்ணாடி மங்கும்.
துடைத்துக்கொள்வேன்.
பிப்ரவரி. போர்ட்லாந்துத் துறைமுகம்.
மேல்தளத்தில் பனி கணுக்கால்வரை.
எஞ்சின் அறையிலோ
சட்டை முதுகோடு ஒட்டுகிறது.

பெல்டியே பதிவேட்டைப் பார்க்கிறான்,
நான் மரைகளைப் பார்க்கிறேன்.
குழாய் நெடுக அழுக்குப் பச்சை,
பல வருஷத்துச் சோம்பலில் உரிந்துகிடக்க
ஒரு இணைப்பின் எட்டு மரைகள் மட்டும்
பெண் பார்க்க வந்தவர்கள்போலப்
புதுசாய் உட்கார்ந்திருந்தன.
கட்டைவிரல் வைத்தேன்.
ஒட்டியது.

இதுவரை இது தவறு.
தவறுக்கு எங்களிடம் படிவம் உண்டு:
தேதி, கையெழுத்து, அபராதம்,
முப்பது நாள் அவகாசம்.
எழுதிக் கொடுத்து, அவர்கள் தரும் காபியை மறுத்துவிட்டு
ஏணி ஏறி வந்துவிடலாம்.
பெரும்பாலும் அப்படித்தான் வருகிறோம்.

பெல்டியே கூப்பிட்டான்.
ஜனவரி பதினான்கு, அசோர்ஸுக்கு வடக்கே,
கப்பல் நாட்குறிப்பில் ஒன்பது மீட்டர் அலை.
சமையல்காரருக்கு மணிக்கட்டு முறிந்த இரவு.
எண்ணெய்ப் பதிவேட்டிலும் அதே இரவு:
பிரிப்பான் இயங்கியது, ஆறு மணி நேரம்.
ஒரு எழுத்துக்கும் தலைசுற்றவில்லை.

ரொடெல்யோ மக்பனுவா, எண்ணெய் போடுகிறவன்,
கை துடைக்கும் துணியை என்னிடம் நீட்டினான்.
துணிக்குள் ஒரு போன்.
போனுக்குள் ஒரு குழாய்,
பிரிப்பானைச் சுற்றிக்கொண்டு
நேரே கடலுக்குப் போகும் வழி.

அரசு வழக்கறிஞர் ஹால்வர்சன்
என்னிடம் கேட்டது ஒரே கேள்வி:
தெரிந்தே செய்தானா?
அந்தத் ‘தெரிந்தே’வுக்கு
இந்தப் பக்கம் என் படிவம்,
அந்தப் பக்கம் சிறை.

நடுக்கடலில் ஊற்றியது எங்கள் எல்லையில் இல்லை.
ஊற்றவில்லை என்ற பொய்யைத்தான்
தலைமை எஞ்சினியர் தெங்கிஸ்
எங்கள் கரையில் இறக்கினான்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அவன் கடலில் போட்டான்.
சட்டம் அளவை மட்டும் கேட்டது.
குற்றப்பத்திரிகை முப்பத்தோரு பக்கம்,
மீன் என்ற சொல் எங்கும் இல்லை.

ஊற்று என்று யாரும் எழுதவில்லை.
கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் இருந்தது:
‘வடிகட்டிச் செலவு சென்ற காலாண்டைவிட அதிகம்.
கவனிக்கவும்.’
தெங்கிஸ் கவனித்திருக்கிறான்.

கப்பல் பிணைத்தொகை கட்டிக் கிளம்பிவிட்டது.
ரொடெல்யோ கிளம்ப முடியாது.
நெடுஞ்சாலை ஓரத்து மோட்டலில், மாடியில்,
ஐஸ் இயந்திரத்துக்குப் பக்கத்து அறை.
பாஸ்போர்ட் எங்கள் அலமாரியில்.
மார்ச்சில் மகள் பிறந்தாள், இலோய்லோவில்.
திரையில் பார்த்தான்.
ஏப்ரலில் என்னிடம் கேட்டான்:
நான் கைதியா?
இல்லை, சாட்சி என்றேன்.
என்ன வித்தியாசம்?
எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவனே சொன்னான்:
கைதிக்கு விடுதலைத் தேதி கொடுப்பார்கள்.

செப்டம்பரில் தீர்ப்பு.
தெங்கிஸுக்கு எட்டு மாதம்.
கோட்டு அவனுடையது இல்லை, தோள் தொங்கியது.
கம்பெனி சார்பில் மூன்று வக்கீல்கள் எழுந்து
ஒரே குரலில் வருந்தினார்கள்.
அபராதம் பெரியது, எண்ணைப் படிக்க
நீதிபதி ஒருமுறை மூச்சு வாங்கினார்.
கம்பெனியைச் சிறையில் வைக்க
கதவு எங்கே இருக்கிறது?
நான்கு வருஷம் கண்காணிப்பு என்றார்கள்.

அபராதத்தில் ஒரு பங்கு ரொடெல்யோவுக்கு வந்தது.
வீடு கட்டினான், படம் அனுப்பினான்.
எந்தக் கப்பலும் அவனை எடுக்கவில்லை.
நீல வண்ணம் அடித்த வாசல்,
பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு அவன்,
முப்பத்து நான்கு வயதில்
கரையில் நிற்கிறான்.

நேற்று கம்பெனியின் முதல் கண்காணிப்பு அறிக்கை வந்தது.
எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்கின்றன.
புயல் இரவுகளிலும் பிரிப்பான் ஓடியிருக்கிறது.
பெல்டியே முத்திரை குத்திவிட்டான்.
நான் இன்னும் வைத்திருக்கிறேன்.
முழுக்கத் தட்டச்சு.
கை நடுங்கியதா என்று பார்க்க
வழியே இல்லை.